முப்பத்தொன்றாம் நம்பர் டம்ளர்

1

எங்கள் ஊர் மாதா கோயில் பொன்விழா மலருக்கு, வெளிநாட்டில் இருக்கிற பங்கு மக்கள் ஆளுக்கொரு கட்டுரை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. என் மகள் ஸ்டெல்லா அதைப் படித்துக் காட்டிவிட்டு, "பனி, குளிர், இங்கத்து சர்ச், இதெல்லாம் எழுதும்மா. நல்லாருக்கும்" என்றாள்.

பனியைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. அது விழுகிறது. மாப்பிள்ளை வாரிக் கொட்டுகிறார். மறுபடியும் விழுகிறது.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். ஒரு நாளைக்குப் பத்து வரி எழுதினால் விரல் மரத்துப் போகிறது. அவசரமில்லாமல் எழுதி, ஒரு மாதம் போலாகிவிட்டது. எழுத்துப் பிழை இருந்தால் மலர்க்காரர்கள் திருத்திக்கொள்ளலாம். சொன்ன விஷயத்தில் கை வைக்கக் கூடாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கோவில்பதாகையில் பழைய ஆட்களுக்கு என்னைத் தெரியும். எலிசபெத்து என்றால் தெரியாது, பாலம்மா என்றால் தெரியும். எண்பதுகளில் கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில், சூளைக்காரர் குழந்தைகளுக்குப் பால் ஊற்றியவள். நர்சாகிவிட்ட ஸ்டெல்லா இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், குழந்தைக்கு இரண்டு வயசானதும் என்னையும் கூப்பிட்டுக்கொண்டாள். வந்து ஐந்து வருஷம் ஆகிறது. எந்த நாடு என்று நான் எழுதவில்லை. மாப்பிள்ளைக்கு இங்கே சர்க்கார் ஆபீசில் வேலை. நான் எழுதுவதால் அவருக்கு ஒரு சங்கடமும் வரக் கூடாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த நாளில் நம் கொட்டகைக்குப் பால் பவுடர் அனுப்பியதும் இதே நாடுதான்.

2

இந்த ஊர் வீடுகளில் எல்லாக் கதவையும் சாத்தி வைக்க வேண்டும். திறந்தால் சூடு போய்விடும். எனக்குச் சாத்திய கதவு ஆகாது. மாடிப்படிக்குக் கீழே சாமான் போடுகிற ஓர் அறை இருக்கிறது. நான் போகும்போதும் வரும்போதும் அதைத் திறந்து வைப்பேன். மாப்பிள்ளை பின்னாலேயே வந்து சாத்துவார். "அத்தை, உள்ள யார் இருக்காங்கன்னு தொறக்கறீங்க?" என்று சிரிப்பார். நல்ல மனுஷன். அவருக்கு அப்போது எதுவும் தெரியாது.

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, சமையலறை மாடத்தில் என் அலுமினிய டம்ளர் இல்லை. அடியில் ஆணியால் குத்தி 31 என்று போட்டிருக்கும். ஊரிலிருந்து நான் கொண்டுவந்த சாமான் ஒரு பெட்டி. அதில் புடவைக்கு நடுவில் சுருட்டி வைத்துக்கொண்டு வந்தது.

பேத்தி ஷெரினைக் கேட்டேன். முந்தின நாள் அதில் கலர் தண்ணீர் கரைத்தாளாம். "ஓல்ட் கப், பாட்டி" என்றாள். அவளுக்கு ஏழு வயசு. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். இரண்டு பேரும் பாதி பாதி புரிந்துகொண்டு நாளை ஓட்டுகிறோம்.

ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"அதுவாம்மா? நசுங்கிப் போயிருந்துச்சு. சர்ச்ல பழைய சாமான் விக்கறாங்கல்ல, அந்தப் பெட்டியில போட்டுட்டேன். உனக்குப் புதுசு வாங்கித் தரேன்."

நான் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். இந்த ஊரில் தனியாகத் தெருவில் நடந்தது அன்றைக்குத்தான். "அம்மா, வழுக்கும்மா! நில்லும்மா!" என்று பின்னால் கத்தினாள். நான் நிற்கவில்லை.

சர்ச் ஹாலில் பழைய பீங்கான், பொம்மை, கம்பளிச் சட்டை எல்லாம் மேஜை மேஜையாய்ப் பரப்பியிருந்தது. என் டம்ளர் ஒரு கூடையில் கரண்டிகளுக்கு நடுவே கிடந்தது. எடுத்து மடியில் கட்டினேன். எதிரில் டோரத்தி அம்மாள் நின்றிருந்தாள். எங்கள் தெருவில் இருக்கிறவள், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து டீ கொடுத்தாள்.

அந்த ஹாலின் மூலையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே காரில் வந்த ஸ்டெல்லாவிடம் என்னவென்று கேட்டேன்.

"பட்ஜெட்டும்மா. சர்க்காருக்குத் துண்டு விழுதாம். ஏழை நாடுங்களுக்கு அனுப்பற உதவிய வெட்டறாங்க. வெட்டாதீங்கன்னு இவங்க எழுதறாங்க."

"எவ்ளோ வெட்டறாங்க?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்? நெறயன்னு சொல்றாங்க."

பதற்றம் வந்தால் ஸ்டெல்லாவுக்கு எங்கள் ஆவடிப் பக்கத்துப் பேச்சு வந்துவிடும். டீ என் கையிலேயே ஆறிப்போயிற்று. இதே செய்தியை நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அப்போது கையில் இருந்தது டீ இல்லை, பால் கரண்டி.

டோரத்தி என்னைக் காட்டி ஸ்டெல்லாவிடம் ஏதோ கேட்டாள். "நீ அந்த பால் சென்டர்ல வேல செஞ்சத நான் சொல்லியிருக்கேன். அடுத்த ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு பேசச் சொல்றாங்க. நான் மொழிபெயர்க்கறேன்" என்றாள் மகள்.

தலையை ஆட்டினேன்.

3

சென்டர் எப்படி நடந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

கோவில்பதாகையைத் தாண்டி அப்போது செங்கல் சூளைகள். எங்கெங்கிருந்தோ குடும்பத்தோடு வந்து கல் அறுப்பார்கள். ரேஷன் கார்டு கிடையாது, எந்தச் சர்க்கார் புத்தகத்திலும் பெயர் கிடையாது. கைக்குழந்தைகள்தான் முதலில் வாடும். அதற்குத்தான் இந்த சென்டர். பால் பவுடர், கோதுமை, எண்ணெய் டின் எல்லாம் கப்பலில் வரும். லூர்து சிஸ்டர் பொறுப்பு. அடுப்பும் அண்டாவும் நான்.

சூளைப் பெண்கள் விடிவதற்கு முன்னால் கல் அறுக்கப் போய், ஒன்பது மணிக்கு மண் அப்பிய காலோடு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார்கள். திண்டில் டம்ளர்கள் வரிசையாய் இருக்கும். குழந்தைக்கு ஒரு டம்ளர், டம்ளருக்கு ஒரு நம்பர். நம்பரைக் கூப்பிட்டுத்தான் ஊற்றுவேன். இந்த ஊரில் எந்த ஆபீசுக்குப் போனாலும் கையில் ஒரு நம்பர் சீட்டைத் திணித்து உட்கார வைக்கிறார்கள். ஸ்டெல்லா சலித்துக்கொள்வாள். நான் பேசாமல் உட்காருவேன். நானும் அப்படிக் கூப்பிட்டவள்தானே.

சிஸ்டரிடம் மூன்று நிறம் போட்ட நாடா ஒன்று இருந்தது. குழந்தையின் மேல்கையில் சுற்றினால் நிறம் காட்டும். பச்சை என்றால் தேறியது. மஞ்சள் என்றால் பார்த்துக்கொள்ள வேண்டும், தினம் ஒரு டம்ளர். சிவப்பு என்றால் இரண்டு டம்ளர், வீட்டுக்கும் கோதுமை, எண்ணெய். சிவப்பில் வருகிற குழந்தை நாலைந்து மாதத்தில் பச்சைக்குப் போகும். அப்படி அனுப்பின குழந்தைகளைத் தெருவில் பார்த்தால் நான் நிமிர்ந்து நடப்பேன். பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் அதிகம் சேர்த்தேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. அந்த கர்வம் எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

முப்பத்தொன்றாம் நம்பர் அஞ்சலை. முனியம்மாவின் பெண். இரண்டு வயசு. வந்தபோது நாடா சிவப்பிலும் கடைசி சிவப்பு, ஆறு மாதம் பால் ஊற்றியும் அப்படியே. தலைமுடி தேங்காய் நார் மாதிரி செம்பட்டை. கால் வீங்கிப் பளபளவென்று இருக்கும். சிரிக்காது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்து முடித்து, உள்ளே எட்டிப் பார்க்கும். இருக்கிறதா தீர்ந்ததா என்று. தீர்ந்திருந்தால் என்னைப் பார்க்கும். கேட்காது.

4

ஒரு நாள் காலையில் லூர்து சிஸ்டர் ஒரு கடிதத்தோடு அடுப்படிக்கே வந்தார்.

"எலிசம்மா, அந்த நாட்டு சர்க்காருக்கு இந்த வருஷம் பணம் போதலையாம். செலவைக் குறைக்கிறாங்களாம். இந்தப் பக்கம் ஆறு சென்டர் இருக்குல்ல, இனிமே மூணுதானாம். எதை வச்சுக்கறது, எதை மூடறதுன்னு பார்க்க அவங்க அதிகாரி ஒருத்தர் வர்றார்."

"இன்னா சிஸ்டர், கப்பல் கப்பலா அனுப்பறவங்களுக்கா பணம் போதல?"

"நமக்கென்ன தெரியும்? அவங்க ஊர்லயும் வரி கட்டறவன் கேள்வி கேட்பான்ல."

"சரி, பாக்கறதுன்னா இன்னா பாப்பாரு? எது நல்லா நடக்குது, எது நடக்கலன்னு தானே?"

சிஸ்டர் கடிதத்தை இன்னொரு தரம் பார்த்தார். "அப்படித்தான் இருக்கும்" என்றார்.

வேறு எப்படி நினைப்போம்? பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் சுண்ணாம்பு அடிப்போம். கோயிலுக்கு ஆயர் வந்தால் கலர் காகிதம் கட்டுவோம். வருகிறவர் கண்ணுக்கு அழகாய் இருந்த இடத்துக்குத்தான் எதுவும் கிடைத்திருக்கிறது. அழுக்காய் இருக்கிறதே என்று எவரும் எதையும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அந்த வாரம் முழுக்க வேலை. சுவருக்கு வெள்ளை அடித்தோம். அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்தேன். கோயில் பெட்டியில், கிறிஸ்துமஸுக்குத் தேவதூதர் வேஷம் போடுகிற சம்மனசு உடுப்புகள் இருந்தன. வெள்ளை சாட்டின், ஓரத்தில் ஜரிகை. இறக்கையை மட்டும் பிரித்துவிட்டு எல்லாவற்றையும் துவைத்து மடித்தேன். பற்றாக்குறைக்குப் பக்கத்துச் சர்க்கார் குவார்ட்டர்ஸ் வீடுகளில் கேட்டு கவுன் வாங்கினேன். "நம்ம புள்ளைங்கள பிச்சக்காரப் புள்ளைங்க மாதிரி காட்டக் கூடாது" என்று நான்தான் சொன்னேன். சிஸ்டர் சொல்லவில்லை. நான்.

அவர் வருகிற அன்று காலையில் ஒவ்வொரு குழந்தையாய்க் குளிப்பாட்டி, எண்ணெய் வைத்து, மை இட்டு, சம்மனசு உடுப்பு போட்டோம். சூளைக் குழந்தைகள் பாயில் வெள்ளை வெள்ளையாய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவர்கள் தாய்மாரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

முனியம்மா அஞ்சலையோடு வந்தாள்.

"இன்னா பாலம்மா, எம் பொண்ணுக்கு சட்ட எங்க?"

ஒன்று எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அந்த வெள்ளையில் அது இன்னும் மோசமாய்த் தெரிந்தது. ஜரிகைக்கு வெளியே குச்சிக் கை, ஊதின வயிறு, தோல் உரிகிற கால். நான் கழற்றிவிட்டேன்.

"ஏம்மா கயட்டற?"

"முனியம்மா, நான் சொல்றத கேளு. ஆறு மாசமா பால் குடிக்கிற கொழந்த இப்டி கீதுன்னு பாத்தா அந்த மனுசன் இன்னா நெனப்பாரு? பாலம்மா பால வித்துத் துன்னுட்டான்னு நெனப்பாரு. சென்டரையே மூடிடுவாரு."

"ஐய, அப்டியா?"

"அவரு வந்துட்டுப் போறவரிக்கும் மூட்ட ரூம்ல குந்திக்கினு இரு. அவரு போனதும் நானே தொறக்கறேன்."

"சரிமா. பால் மட்டும் குட்த்துடு. பசி எடுத்தா முனகும்."

டம்ளர் நிறைய ஊற்றினேன். இரண்டு கரண்டி சர்க்கரை போட்டேன், சத்தம் வரக் கூடாது என்று. கோதுமை மூட்டைகளுக்கு நடுவில் முனியம்மா உட்கார்ந்தாள். மடியில் அஞ்சலை. கதவைச் சாத்தி வெளியே தாழ் போட்டேன்.

5

அந்த அதிகாரியை ஒரு கொடுமைக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சின்ன வயசுக்காரர். வெயிலில் முகமெல்லாம் சிவந்து, துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை ஈரம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். பாயில் உட்கார்ந்தார். ஒரு குழந்தை அவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டது. அவர் சிரித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விளையாட விட்டார்.

நாடாவை வாங்கி அவரே நாலைந்து குழந்தைகளின் கையில் சுற்றிப் பார்த்தார். முன்வரிசையில் யாரை உட்கார வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? பச்சை, பச்சை, மஞ்சள், பச்சை. சிஸ்டர் முகத்தில் சந்தோஷம். அதிகாரி வடை தின்றார், காபி குடித்தார், நல்லாருக்கிறது என்று கையைக் காட்டினார்.

சிஸ்டர் டிரைவருக்குக் காபி கொடுக்க வெளியே போனார். அப்போது அந்த அதிகாரி எழுந்து நடந்து, அந்தக் கதவின் முன்னால் நின்றார். தாழைக் காட்டி என்னிடம் ஏதோ கேட்டார்.

கேள்வி புரிந்தது. பதிலுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சாமான் வருகிற பெட்டிகளில் சிஸ்டர் வாசித்துக் காட்டி ஒரு சொல் தெரியும்.

"ஸ்டோர், சார்" என்றேன்.

ஒரு வெள்ளைக்காரரிடம் நான் பேசின முதல் இங்கிலீஷ் அது.

அவர் தலையை ஆட்டினார். ஆனாலும் உடனே நகரவில்லை. கதவுக்கும் அவருக்கும் ஒரு முழம். நான் அந்தக் கதவைப் பார்க்காமல் அவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து ஒரு முனகல் இல்லை, ஓர் இருமல் இல்லை. அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். குழந்தைகளை நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஜீப் சத்தம் ஓய்ந்ததும் தாழைத் திறந்தேன். முனியம்மா மூட்டையில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அஞ்சலை தூங்கவில்லை. காலி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

6

இரண்டு மாதம் கழித்து பதில் வந்தது. சிஸ்டர் அதை இரண்டு தடவை வாசித்தார்.

"எலிசம்மா. கோவில்பதாகைல குழந்தைங்க ஆரோக்கியமா இருக்காங்களாம். நல்லா நடத்தியிருக்கோமாம். பாராட்டி எழுதியிருக்காங்க."

"அப்போ?"

"இருக்கற கொஞ்சத்த ரொம்பக் கஷ்டப்படற எடத்துக்குக் குடுக்கறாங்களாம். நம்மளத மூடறாங்க."

சென்னீர்குப்பம் சென்டர் தப்பித்தது. அங்கே அந்த வாரம் பொறுப்பிலிருந்த சிஸ்டருக்குக் காய்ச்சல். யாரும் சுண்ணாம்பு அடிக்கவில்லை, யாரும் குளிப்பாட்டவில்லை. அதிகாரி போனபோது குழந்தைகள் அம்மணமாய் மண்ணில் உட்கார்ந்திருந்தனவாம். முகத்தில் ஈ. அவர் கண்ணில் பட வேண்டியது பட்டது.

செலவைக் குறைத்தது அவர்கள். எந்தக் குழந்தைக்குக் குறையட்டும் என்று காட்டிக்கொடுத்தது நான். இதை லூர்து சிஸ்டரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு அஞ்சலை வரவில்லை என்றே அவர் நினைத்திருந்தார். நினைத்துக்கொண்டே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

அஞ்சலையின் சீட்டைச் சென்னீர்குப்பத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஆவடிக்கு ஒரு பஸ், பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. போய்வந்தால் சூளையில் அரை நாள் கூலி போச்சு. "அங்க டம்ளர் கேப்பாங்க, நீயே வெச்சுக்கோ" என்று முப்பத்தொன்றாம் நம்பரை முனியம்மா கையில் கொடுத்தேன். நாலைந்து தடவை போனாள் என்று கேள்விப்பட்டேன். நான் ஒரு தடவையாவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அப்போது குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டில் சமையல் வேலை எடுத்திருந்தேன். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன். மழை வந்து சூளை நின்றது. அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

தை மாதம் சூளை மறுபடி புகைந்தது. ஒரு நாள் மத்தியானம் முனியம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடுப்பு சும்மா இருந்தது.

"வா முனியம்மா. எப்ப வந்த? குந்து."

"குந்தல மா. வேல கீது. இத்த குட்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

முந்தானையிலிருந்து டம்ளரை எடுத்து நீட்டினாள். பளபளவென்று சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தாள்.

"சென்டர் சாமானாச்சே. எங்க ஊட்ல இனிமே இன்னாத்துக்கு?"

நான் வாங்கிக்கொண்டேன். எப்போது என்று கேட்கவில்லை. அவளாகவே, "நீ இன்னா பண்ணுவ பாலம்மா, உங்கிட்ட பால் இருந்தா ஊத்த மாட்டியா?" என்று சொல்லிவிட்டு, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறாள். பால் நின்றதற்கும் அந்தத் தாழுக்கும் அவள் முடிச்சுப் போடவே இல்லை. என் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தெருவில் போட்டு இரண்டு உதை உதைத்திருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

7

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா எனக்குப் பட்டுப்புடவை எடுத்து வைத்தாள்.

"நல்லதா பேசும்மா. பால் வந்துச்சு, கொழந்தைங்க தேறினாங்க, ரொம்ப நன்றி. அவ்ளோ போதும். நம்மளப் பத்திக் கேவலமா நெனைக்கற மாதிரி எதுவும் வேணாம்."

எங்கே கற்றாள் இந்தப் பேச்சை? என்னிடம்தான்.

ஹாலில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். நான் நின்றேன். ஸ்டெல்லா பக்கத்தில் நின்றாள். அண்டா, நாடா, நம்பர் டம்ளர் எல்லாம் சொன்னேன். அவள் அழகாய்ச் சொல்லிக்கொண்டு வந்தாள். சம்மனசு உடுப்பு என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். அதற்கு மேல் மூட்டை அறையைச் சொன்னேன். தாழ் போட்டதைச் சொன்னேன். டம்ளர் திரும்பி வந்ததைச் சொன்னேன்.

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜனங்கள் பக்கம் திரும்பி ஏதோ வேகமாய்ச் சொன்னாள். கடைசியில் "ஹேப்பி" என்று காதில் விழுந்தது. "தேங்க் யூ" என்று விழுந்தது. கை தட்டினார்கள்.

ஐந்து வருஷத்தில் அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். நான் சொன்னதில் ஹேப்பி எங்கேயும் இல்லை. என் மகள், என் கண் முன்னாலேயே, அஞ்சலையை மறுபடியும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறாள்.

"நோ" என்றேன்.

கை தட்டல் நின்றது. மடியிலிருந்து டம்ளரை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"ஒன் சைல்டு. வெரி சிக். யுவர் மேன் கம். ஐ புட் சைல்டு இன் ஸ்டோர். ஐ லாக். மேன் ஆஸ்க். ஐ சே, ஸ்டோர், சார். மேன் கோ. மில்க் ஸ்டாப். சைல்டு டெட்."

இலக்கணம் இருந்ததா என்று தெரியாது. புரிந்தது.

பின்னால் ஒரு கிழவர் கையைத் தூக்கி ஏதோ கேட்டார். ஸ்டெல்லா மெதுவாக என்னிடம், "ஏன் மறைச்சீங்கன்னு கேக்கறாரும்மா" என்றாள்.

"நல்லா நடத்தறோம்னு காட்டினாத்தான் குடுப்பாங்கன்னு நெனச்சேன்னு சொல்லு. தேவப்படறவங்களுக்குக் குடுப்பாங்கன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லு. இப்பவும் அவங்க வெட்டினா, எங்கயோ ஒருத்தி யாரையாவது உள்ள வெச்சுத் தாழ் போடுவான்னு சொல்லு."

இந்தத் தடவை அவள் அப்படியே சொன்னாள்.

டோரத்தி அம்மாள் ஒரு கடிதத்தாளை என் முன்னால் வைத்துப் பேனாவைக் கொடுத்தாள். குழந்தையின் பெயர் என்ன என்று அவள் கேட்டது, மொழிபெயர்க்காமலே எனக்கு விளங்கியது. இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. தமிழில் எழுதினேன். நாலே எழுத்து. அந்தச் சர்க்கார் ஆபீசில் எவருக்கும் படிக்க வராது. வராவிட்டால் யாரையாவது கேட்கட்டும் என்று பெரிசாகவே எழுதினேன்.

காரில் வரும்போது ஸ்டெல்லா, "ஏம்மா இத்தன வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றாள்.

"இன்னிக்குச் சொன்னேனே. நீதான் சொல்லல."

சாயங்காலம் பார்த்தேன். டம்ளரைக் கழுவித் துடைத்து, விருந்தாளி வந்தால் உட்காருகிற அறையில், முதலில் கண் படுகிற மாடத்தில் வைத்திருந்தாள்.

8

பட்ஜெட் வந்தது. சொன்னபடியே வெட்டினார்கள். கடிதம் போட்டவர்களுக்கெல்லாம் அச்சடித்த பதில் ஒன்று வந்தது. எனக்கும் வந்தது. மாப்பிள்ளை முழுக்க வாசித்துவிட்டு, "நன்றின்னு போட்டிருக்கு, கவனத்துல எடுத்துக்கிட்டோம்னு போட்டிருக்கு. வேற ஒண்ணும் இல்ல அத்தை" என்றார். அன்றிலிருந்து மாடிப்படிக்குக் கீழே இருக்கிற கதவை நான் திறந்து வைத்தால் அவர் சாத்துவதில்லை. சூடு போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

நான் திறந்து வைத்துவிட்டு உள்ளே பார்ப்பேன். விளக்குமாறு, பெட்டி, ஷெரினின் பழைய சைக்கிள். அவ்வளவுதான் இருக்கும். இருந்தாலும் பார்ப்பேன்.

மலர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பொன்விழா மலர், வழவழவென்ற தாள், முன்னால் ஆயர் படம் எல்லாம் இருக்கும். சந்தோஷமான நேரத்தில் இது எதற்கு, பாலம்மா சேவை செய்தாள் என்று மட்டும் போடலாமே என்று உங்களில் யாருக்காவது தோன்றும். எனக்கே தோன்றியிருக்கும். அப்படிச் செய்வதாயிருந்தால் என் கட்டுரையே வேண்டாம், கிழித்துப் போடுங்கள். போடுவதாயிருந்தால் அஞ்சலையின் பெயரோடு போடுங்கள்.

அன்றைக்கு அந்தக் கதவுக்குப் பின்னால் அது ஒரு சத்தம் போட்டிருந்தால், அவர் தாழைத் திறக்கச் சொல்லியிருப்பார். அது போடவில்லை. இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு நான்தான் போடவிடாமல் செய்தேன்.